இரண்டாவது கையெழுத்து

எங்கள் கந்தோரில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு சொல் வழக்கத்தில் இருக்கிறது. ஒருவர் எதையாவது பார்க்காமலே சரி என்று கையெழுத்து வைத்துவிட்டால், "நஸ்லியா போட்டிட்டார்" என்பார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் இரண்டாவது கிழமையிலேயே அதைப் பிடித்துக்கொள்வார்கள். நஸ்லியா என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ஏதோ கணினிச் சொல் என்று ஒரு பொடியன் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

நஸ்லியா ஒரு ஆள். கிண்ணியாவைச் சேர்ந்தவர். எங்களோடு ஐந்து வருடம் வேலை செய்தவர்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் தர்சினி தொலைபேசியில் கூப்பிட்டாள். கந்தோரில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். கந்தோர் ஆண்டு மலர் ஒன்று போடுகிறதாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டுமாம்.

"அக்கா, நீங்க அந்த நஸ்லியா கதையையே எழுதுங்கோ. கல்லெல்லாம் காணாமப் போன கதை. தேத்தண்ணி நேரத்தில நீங்க சொல்லேக்க எங்களுக்கு வயிறு நோகும் சிரிச்சு."

ஓம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தக் கதையைப் பகிடியாக்கி, கைகால் வைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். பத்துப் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது முழுதாக எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

எங்கள் கந்தோர் திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை. மேலே நாங்கள் ஏழு பேர். மீன்பிடிப் படகுகளில் சுக்கானுக்குப் பக்கத்தில் பூட்டுகிற ஒரு சின்னப் பெட்டிக்கு மென்பொருள் எழுதினோம். பெட்டியின் திரையில் கடல் வரைபடம் தெரியும். படகு நிற்கிற இடம் ஒரு பச்சைப் புள்ளி. தண்ணீருக்குள் கிடக்கிற கற்களும் மூழ்கிய கப்பல்களும் சிவப்புப் புள்ளிகள். சிவப்புக்குக் கிட்டப் போனால் பெட்டி கத்தும், தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை வரும்.

நான் அங்கே போனது தட்டச்சுக்காரியாக. அதற்கு முன்னர் ஒரு நொத்தாரிசிடம் பன்னிரண்டு வருடம் காணி உறுதிகள் தட்டச்சுச் செய்தேன். தமிழ் எச்சரிக்கைகளை அடித்துத் தர ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். மற்றதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியது. நாலாம் வருடம் பில்ட் ஸ்கிரிப்ட் என் கைக்கு வந்துவிட்டது. ஆளாளுக்கு எழுதுகிற துண்டுகளை எல்லாம் சேர்த்து, பெட்டியில் ஏற்றக்கூடிய ஒரே பொதியாகக் கட்டித் தருகிற கட்டளை வரிசைக்குத்தான் அந்தப் பெயர். பொதி கட்டுகிறவள் என்றால் கந்தோரில் ஒரு மதிப்பு இருந்தது. எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது, அதை மறைப்பானேன்.

இந்த வேலையில் ஒரு தீராத தொல்லை இருந்தது. நாங்கள் எழுதுகிற கணினிகளில் விண்டோஸ். படகுப் பெட்டியில் ஓடுவது லினக்ஸ். எழுத்தை இரண்டும் ஒரேமாதிரித்தான் வைக்கும். வரியை முடிக்கிற இடத்தில்தான் ஒத்துவராது. பழைய தட்டச்சு யந்திரத்தில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலை செய்வோம். உருளையை ஓரத்துக்குத் தள்ளுவோம், தாளை ஒரு வரி உருட்டுவோம். விண்டோஸ் அந்த இரண்டு வேலைக்கும் இன்றைக்கும் இரண்டு குறி வைக்கிறது. லினக்ஸுக்கு இரண்டாவது மட்டும் போதும். முதலாவதைக் கண்டால் அதையும் கட்டளையின் பெயரோடு சேர்த்து வாசித்துவிட்டு, அப்படி ஒரு கோப்பு இல்லையே என்று கையை விரித்துவிடும். அந்தக் குறி கண்ணுக்குத் தெரியாது. கணினிக்குள் அதற்கு ஒரு இலக்கம் உண்டு, பதின்மூன்று.

முதன்முதலில் இதில் மாட்டுப்பட்டபோது ஒன்றரை நாள் மண்டையை உடைத்தேன். கோப்பு கண்முன்னால் இருக்கிறது, மெசின் இல்லை என்கிறது. எங்கள் பொறுப்பாளர் தில்லைநாதன் சேர் அந்த ஒன்றரை நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வந்து நின்றார்.

"மங்களா, இந்தக் கோப்பின்ர எடை என்ன?"

"எடையோ சேர்?"

"எத்தனை பைட்?"

சொன்னேன். அதே கோப்பை மூலையில் இருந்த லினக்ஸ் கணினியில் புதிதாக அடிக்கச் சொன்னார். அடித்தேன். அதன் எடையைக் கேட்டார். சொன்னேன். பென்சிலால் கழித்துப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. கோப்பில் எத்தனை வரி என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு.

"கண்ணுக்குத் தெரியாதது எடையில தெரியும், என்ன?" என்றுவிட்டுப் போனார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

எங்கள் கந்தோரை நடத்தியவர் அவர். அதற்கு முன்னர் கப்பல்களில் இருபது வருடம் ரேடியோ ஒப்பிசராக இருந்தவர். அந்தப் பழக்கம் ஆளை விடவில்லை. எந்த ஸ்கிரிப்டையும் அச்செடுத்து உரத்து வாசிப்பார், ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் பெயர் சொல்லி. மற்றவர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஓம் சொல்ல வேண்டும். ஓம் கொஞ்சம் பிந்தினால் வரியின் தலையிலிருந்து திரும்பத் தொடங்குவார். இருபது வயதுப் பிள்ளையோடும் நீங்கள் என்றுதான் கதைப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, கதிரையை விட்டு எழும்புவார். சேர் நின்றபடி கதைக்கிறார் என்றால் நாங்கள் எல்லாரும் அவரவர் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம்.

வரிமுடிவுத் தொல்லைக்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். பொதி கட்டுவதற்கு முன்னர் எழுத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்து, அந்தப் பதின்மூன்றாம் குறியை நீக்க வேண்டும். நாற்பது கோப்புகள் வரையில் வரும். நீக்குவதற்கு முன் எடை, நீக்கிய பின் எடை, வித்தியாசம், வரிகளின் தொகை என்று ஒரு பெரிய கொப்பியில் கோடு போட்டு எழுத வேண்டும். வித்தியாசமும் வரித்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெறும் இலக்கங்களாக இருக்கிற தரவுக் கோப்புகளைத் தொடவே கூடாது. ஆனால் அவற்றையும் கொப்பியில் எழுதி, வித்தியாசம் பூச்சியம் என்று காட்ட வேண்டும்.

கடைசியில் இரண்டு கையெழுத்து. முதலாவது வேலையைச் செய்தவருடையது. இரண்டாவது ஆள் கொப்பியை நம்பக் கூடாது, மெசினில் ஒவ்வொரு கோப்பின் எடையையும் தானே பார்த்து எண்ணிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

"பிழை விடுறவர் விடுவார். அவரை ஏசி என்ன பலன்? அதுக்குத்தான் ரெண்டாவது ஆள்," என்பார் சேர். பிழை வந்தால் அவர் இரண்டாவது கையெழுத்தைத்தான் தேடுவார். கப்பலில் அப்படித்தானாம்.

இரண்டாவது கையெழுத்து நஸ்லியாவுடையது.

நஸ்லியா கணினி டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பதினான்கு வயது இளமை. பாலம் வந்த பிறகு கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். படகுக்காரர்கள் வந்தால் பக்கத்தில் இருத்தி, எந்தக் கல் எந்தக் கோவில் கோபுரத்துக்கு நேரே கிடக்கிறது, எந்தக் கல் எந்த மாதத்தில் தண்ணீருக்கு மேலே தலை காட்டும் என்று துருவித் துருவிக் கேட்பார். கடல் வரைபடத்தில் இல்லாத கற்கள் எத்தனையோ அப்படித்தான் எங்கள் பெட்டிக்குள் வந்தன. கற்களின் இடங்கள் இருந்த தரவுக் கோப்பு முழுக்க அவருடைய கைவேலை. எண்ணும்போது உதடு அசையும், விரல் அசையாது. அவர் எண்ணிக் கையெழுத்து வைத்த கொப்பியில் மூன்று தடவை என் பிழையைப் பிடித்திருக்கிறார். மூன்று தடவையும் சேர் காதுக்குப் போகாமல் என்னிடமே கொண்டுவந்து காட்டினார்.

அது நோன்பு மாதம். சேர் ஒரு கூட்டத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். சல்லியைச் சேர்ந்த அருளண்ணையிடம் இரண்டு பெரிய படகுகள் இருந்தன. இரண்டும் மற்ற நாள் விடிய வெளிக்கிடப் போகின்றன, புதிய பொதியை அதற்கு முன்னர் ஏற்ற வேண்டும் என்று காலையிலிருந்து ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கோ நாற்பது கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுப்பது அலுத்துப் போயிருந்தது. பில்ட் ஸ்கிரிப்டின் தலையில் நாலு வரி எழுதினேன். இந்தக் கோப்புறையில் இருக்கிற எல்லாக் கோப்புகளையும் திற, பதின்மூன்றாம் குறி எங்கே இருந்தாலும் நீக்கு, மூடு. அவ்வளவுதான். ஓடவிட்டேன். பாதி நாள் வேலை கண்மூடித் திறக்க முடிந்துவிட்டது. சேர் திரும்பி வந்ததும் இந்த நாலு வரியை அவருக்குக் காட்டுவதை நினைத்து நினைத்து எனக்குள் நானே பூரித்துப் போயிருந்தேன்.

எல்லாக் கோப்புகளும் என்று எழுதியபோது அதில் தரவுக் கோப்புகளும் அடங்கும் என்று என் மண்டையில் ஏறவில்லை. இலக்கங்களாக இருக்கிற கோப்பில் பதின்மூன்று என்பது வரிமுடிவு அல்ல, ஒரு கல்லின் இடத்தில் ஒரு பங்கு. அதை உருவி எடுத்தால் பின்னால் இருக்கிறதெல்லாம் ஒவ்வொரு இடம் முன்னால் நகரும். சட்டையில் ஒரு பொத்தானை மாறிப் போட்டால் கீழே உள்ளதெல்லாம் மாறிப் போகிற மாதிரி. தட்டச்சுக்காரி எனக்கு எந்தக் கோப்பும் எழுத்துக் கோப்பாகத்தான் தெரிந்தது.

பெட்டியில் ஏற்றிப் பார்த்தேன். திரை திறந்ததும் துறைமுக வாய் தெரியும். கற்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கொப்பியை எடுத்து எழுத்துக் கோப்புகளுக்கு எடைகளை எழுதினேன். தரவுக் கோப்புகளுக்கு நேரே, பார்க்காமலே, பூச்சியம், பூச்சியம் என்று போட்டுக்கொண்டு போனேன். அங்கே பூச்சியம்தானே வர வேண்டும். என் கையெழுத்தை வைத்தேன். நஸ்லியாவின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

அவர் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரம். கொப்பியைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இருங்க அக்கா, எண்ணிட்டு வைக்கிறன்."

"இனி எண்ண என்ன இருக்கு? எல்லாத்தையும் ஸ்கிரிப்டே செய்யுது. நோன்போட இருந்து இதையும் எண்ணப் போறீங்களோ? வைச்சிட்டுப் பஸ்ஸைப் பிடியுங்கோ."

"சேர் கேட்டா?"

"கேட்டா நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வைத்தார். தேதியையும் போட்டார்.

அவருடைய நோன்புக்காக இரங்கி நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் எண்ணத் தொடங்கினால் அரை மணித்தியாலம் போகும், கீழே அருளண்ணையின் ஆள் காத்துக்கொண்டு நிற்கிறான், நான் என் நாலு வரியின் கெட்டித்தனத்தை உடனே பார்க்க வேண்டும். அதுதான் காரணம். அவருடைய நோன்பு எனக்கு ஒரு சாட்டு. இதை எழுதும்போது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கூசுகிறது.

நாலாம் நாள் காலையில் அருளண்ணை மாடிப்படி ஏறி வந்தார். சேர் அதற்குள் திரும்பியிருந்தார். அருளண்ணை கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"ஆர் பிள்ளை எங்கட கல்லெல்லாத்தையும் பிடுங்கினது?"

முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நிலாவெளி தாண்டினா உங்கட பெட்டியில ஒரு கல்லும் இல்லை. வெறுங் கடல். எனக்குக் கடல் தெரியும், நான் பெட்டியைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு வந்திட்டன். மற்றப் படகில என்ர மச்சான். அவன் தோப்பூரில வயல் செய்தவன், கடலுக்கு வந்து ஒரு வருசம். பெட்டியை நம்பி விட்டவன்."

மச்சானின் படகு புறாத்தீவுக்கு வடக்கே கல்லில் ஏறியிருந்தது. சுக்கான் கழன்று, அடிப்பலகை பிளந்து, வேறு படகொன்று கட்டியிழுத்துக்கொண்டு வந்திருந்தது. மச்சான் தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

சேர் எழும்பினார்.

அருளண்ணை போனபிறகு பொதியைப் பிரித்தோம். கற்கள் தெற்கிலிருந்து வடக்காக அடுக்கப்பட்டிருந்தன. சம்பூர்ப் பக்கத்துக் கற்கள் அப்படியே இருந்தன. துறைமுக வாயும் சரி. அதற்கு வடக்கே முதலாவது பதின்மூன்று வருகிற இடத்திலிருந்து எல்லாம் குழம்பி, ஒவ்வொரு கல்லும் உலகத்தில் எங்கெங்கோ போய்விட்டது. வரைபடத்துக்குள் இல்லாததைத் திரை காட்டாது. ஆகவே வடக்கு முழுவதும் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாத நல்ல நீலக் கடல். சேர் அந்தக் கோப்பின் எடையைத் தானே பார்த்தார். நாற்பத்தொரு பைட் குறைந்திருந்தது. கொப்பியில் பூச்சியம் என்று என் கையெழுத்தில் இருந்தது. எண்ணியிருந்தால் அதே இடத்தில் அகப்பட்டிருக்கும்.

என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்தினார். நாலு வரியும் என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அதில் எனக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை, பிழை விடுகிறவரை அவர் ஏசமாட்டார் என்று தெரியும். கொப்பியைத் திருப்பி இரண்டாவது கையெழுத்தில் பென்சிலை வைத்தார்.

"இவ எண்ணினவவா?"

"எண்ணச் சொல்லிக் குடுத்தனான் சேர்."

நாலு சொல். அதற்கு முன்னரும் பின்னரும் நான் எத்தனையோ பொய் சொல்லியிருப்பேன், ஒன்றும் நினைவில் இல்லை. இது மட்டும் அந்த அறையின் மின்விசிறிச் சத்தத்தோடு நினைவில் இருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம்கூட எனக்கு இல்லை. பொதி கட்டுகிற மங்களா, எண்ண வேண்டாம் என்று சொன்னவள் என்று அவர் அறிந்தால் அவர் முகம் என்னைப் பார்த்து மாறிவிடும். அந்த ஒரு முகத்துக்குப் பயந்தேன்.

பிறகு நஸ்லியாவைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எண்ணினீங்களா?"

"இல்ல சேர். எண்ணல்ல."

"எண்ணாமல் வைச்சனீங்கள்."

"ஓம் சேர்."

அவ்வளவுதான் அங்கே நடந்த விசாரணை. ஏன் எண்ணவில்லை என்று சேர் கேட்கவில்லை, என்னிடம் கேட்டு முடித்துவிட்டாரே. ஏன் எண்ணவில்லை என்று நஸ்லியாவும் சொல்லவில்லை. நான் உள்ளே போய் நாலு சொல்லைத் திருப்பி எடுத்திருக்கலாம். என் கதிரைக்கும் அந்தக் கதவுக்கும் ஆறடி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நஸ்லியாவைப் பொதி வேலையிலிருந்தும் கல் கோப்பிலிருந்தும் எடுத்து எச்சரிக்கை வாசகங்கள் அடிக்கிற வேலைக்கு விட்டார்கள். நான் முதன்முதலாக வந்து செய்த வேலை. மூன்று மாதத்தில் அவர் விலகிப் போனார். போகிற அன்றைக்கு எல்லாருக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார்.

அந்த மூன்று மாதத்துக்குள் நான் பில்ட் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதினேன். எழுத்துக் கோப்புகளை மட்டும் பெயர் வகையைக் கொண்டு பிரித்தெடுக்கும். தரவுக் கோப்புகளைத் தொடாது. நீக்குவதற்கு முன்னும் பின்னும் தானே எடை பார்க்கும். வித்தியாசமும் வரித்தொகையும் ஒத்துவராவிட்டால், அல்லது தரவுக் கோப்பு ஒன்றில் ஒரு பைட் மாறியிருந்தால், பொதி கட்டாமல் நின்றுவிடும். சேர் அச்செடுத்து வாசித்தார், நான் ஓம் சொன்னேன். ஒரு இடத்திலும் திரும்பத் தொடங்கவில்லை. முடிந்ததும், "நல்ல வேலை," என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த ஸ்கிரிப்டுக்காக. இப்போது ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு எழுதி வைத்தால் எந்தக் கோப்பு எழுத்து, எந்தக் கோப்பு இலக்கம் என்று கருவியே பார்த்துக்கொள்கிறது என்று தர்சினி சொல்கிறாள். இருக்கட்டும்.

"நஸ்லியா போட்டிட்டார்" என்ற சொல்லை நான் தொடக்கிவைக்கவில்லை. யாரோ ஒரு பொடியன் முதலில் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தச் சொல் அன்றைக்கே செத்திருக்கும் என்று நினைக்கிறேன். நான்தான் அங்கே மூத்தவள். பிறகு அதற்கு ஒரு கதையும் கட்டிச் சொல்லத் தொடங்கினேன். அருளண்ணையின் குரலில், "ஆர் பிள்ளை எங்கட கல்லைப் பிடுங்கினது?" அந்தக் கதையில் தோள் எலும்பு இல்லை. நோன்பும் இல்லை. எண்ணாமல் கையெழுத்து வைத்த ஒரு பெண் மட்டும் இருந்தார்.

அருளண்ணையின் மச்சானைப் போய்ப் பார்த்தேன். அவரிடம் பிழை என்னுடையது என்று சொல்ல என்னால் முடிந்தது. அவர், "சரி பிள்ளை, உயிர் இருக்குத்தானே," என்றார். தோள் பொருந்திய பிறகு தோப்பூர் வயலுக்கே திரும்பிப் போய்விட்டார். சேர் காலமாகி நாலு வருடம். அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது.

தர்சினி கூப்பிட்ட மூன்றாம் நாள் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன்.

நஸ்லியா பள்ளிக்கூடம் ஒன்றுக்கு முன்னால் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார். "அக்கா மெலிஞ்சிட்டீங்க," என்றார். கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்காமலே சொல்லத் தொடங்கினேன், இருந்தால் வேறு கதை வந்துவிடும் என்று தெரியும். கதவு, கொப்பி, சேரின் கேள்வி, என் நாலு சொல். நடுவில் ஒருவர் அடையாள அட்டையோடு வந்தார். இரண்டு பக்கமும் நாலு கொப்பி. நஸ்லியா எடுத்து, எண்ணி, கொடுத்துவிட்டு, "சொல்லுங்க அக்கா," என்றார். நான் மிச்சத்தையும் சொன்னேன், கந்தோரில் அவர் பெயர் படுகிற பாட்டையும் சொன்னேன். அதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துப் போனது. கொஞ்ச நேரம் மெசினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ட பேரையா?" என்றார்.

"ஓம்."

"சின்னப் பிள்ளைகளும்?"

"ஓம் நஸ்லியா."

இதை எழுதலாமா, பெயரை மாற்றிப் போடவா என்று கேட்டேன்.

"மாத்த வேணாம். மாத்தினா அது ஆரோ ஒரு ஆளாப் போயிரும். என்ட பேரையே போடுங்க."

பெயரை மாற்றவில்லை. இந்த மலரை வாசிக்கிற கந்தோர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நஸ்லியா எண்ண எடுத்தவர். எண்ண வேண்டாம் என்று தடுத்தவள் நான். அந்தச் சொல் உங்களுக்கு இனியும் தேவைப்பட்டால் மங்களா என்று சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு எழும்பியபோது, இத்தனை வருடமும் எனக்குள் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சேர் கேக்கேக்க நான்தான் எண்ண வேண்டாம் எண்டு சொன்னனான் எண்டு நீங்க ஏன் சொல்லேல்லை?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் இன்னும் இதை விளங்கிக்கொள்ளவில்லையா என்கிற பார்வை.

"நான் எப்படி அக்கா சொல்ற? நான் சொன்னா அது கோள் சொல்ற மாதிரி. நீங்க சொன்னாத்தானே அது கதை. இண்டைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்க எண்டு மூணு மாசம் பாத்துக்கொண்டு இருந்தன். பிறகுதான் கடிதம் குடுத்த."

அந்த மூன்று மாதமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்துதான் மத்தியானச் சோறு சாப்பிட்டோம்.